சாய்ந்த எழுத்தில் சோலைமலை

ஹட்டன் டவுனில் கல்யாணக் கார்டு கைக்கு வந்தால் ஜனங்கள் முதலில் நாளைப் பார்ப்பதில்லை, மண்டபத்தையும் பார்ப்பதில்லை. எந்தப் பெயர் சாய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். "அடப்பாவமே, பொண்ணுக்கு அம்மா இல்லையா?" என்று உச்சுக்கொட்டி முடித்த பிறகே முகூர்த்த நேரத்துக்கு வருவார்கள். இது சாஸ்திரத்தில் உள்ள பழக்கமில்லை. ஸ்டேசன் இறக்கத்தில் இருக்கும் ரிஸ்வியின் அச்சுக்கடையிலிருந்து கிளம்பிய பழக்கம். ஊருக்கு அதைப் பழக்கிவிட்டது அங்கே டைப் அடிக்கும் ஜீவராணியின் கை.

ஜீவராணி பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், வரிசையாகக் கட்டிய லய வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தாள். மகளும் கூடை தூக்குவாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவளோ ஓ லெவல் பரீட்சை முடித்த கையோடு ஹட்டனுக்கு பஸ் ஏறி, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், அங்கிருந்து நேராக ரிஸ்வி கடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணம் ஆனது, மகள் தனுஷிகா பிறந்தாள், ரிஸ்விக்குத் தாடி நரைத்தது. நாற்காலி மட்டும் மாறவில்லை, ஜன்னலுக்கு வெளியே மழையும் மாறவில்லை.

இங்கிலீஷ் அவளுக்கு அரைகுறை. கார்டில் வரும் இங்கிலீஷ் வாக்கியங்களைப் பழக்கத்தில்தான் அடிப்பாள். அர்த்தம் சரியாகப் பிடிபடாததாலோ என்னவோ, எழுத்துகளின் முகம் அவளுக்கு நன்றாகப் பிடிபட்டது. தெருவில் போகிற ஆட்களை அடையாளம் சொல்வது போல ஒவ்வொன்றையும் சொல்வாள்.

சாய்க்கிற பழக்கம் தொடங்கிய கதை இதுதான். மகள் கல்யாணத்துக்குக் கார்டு அடிக்க நானுஓயாவிலிருந்து ஒரு அம்மா வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "அமரர்னு போடலாங்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்றாள். இங்கிலீஷ் பக்கத்தில் 'லேட்' என்று போடுவதும் வேண்டாம். "நல்ல காரியத்துல சாவு வார்த்தை எதுக்குங்க? ஆனா அவரு பேரு வரணும். அவரு இல்லேங்கிறதும் பாக்குறவங்களுக்குத் தெரியணும்" என்றாள். ரிஸ்வி தலையைச் சொறிந்தார். ஜீவராணி அந்த ஒரு பெயரை மட்டும் சாய்ந்த எழுத்துக்கு மாற்றிக் காட்டினாள். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தலைய சாச்சுக்கிட்டுத் தூங்குறாப்புல இருக்கும்மா" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கடையில் அதுவே சட்டமாகிவிட்டது. "இருக்கிறவங்க நேரா, போனவங்க சாஞ்சு. அவ்வளவுதான்" என்பார் ரிஸ்வி, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

அந்த எழுத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஜீவராணி பட்ட பாடு விளங்காது. பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் வருகிற எழுத்து அது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் மிதியடி போட்ட மாதிரி ஒரு சின்னக் கோடு இருக்கும். அதில் நேராக நிற்பது ஒன்று, சாய்ந்தது ஒன்று என்று ஜோடியாக வரும். நேர் எழுத்தைச் சரித்தால் சாய்ந்த எழுத்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கிடையவே கிடையாது. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு புண்ணியவான் பேனா பிடித்து எழுதுகிற கையை மனதில் வைத்துத் தனியாக வரைந்தது அது. நேர் எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் விறைப்பாக நிற்கும். சாய்ந்தவை ஒல்லியாகி, ஒன்றையொன்று நெருங்கி உட்காரும். மிதியடியைக் கழற்றிவிடும். அந்த இடத்தில் பேனாவை எடுக்கும்போது விழுகிற ஒரு சிறு வளைவுதான் இருக்கும். சின்ன 'எஃப்' கோட்டுக்குக் கீழே வாலை இறக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக மாறுவது சின்ன 'ஏ'. நேர் எழுத்தில் அதற்கு ஒரு வயிறு இருக்கும், வயிற்றுக்கு மேலே கவிழ்ந்த மாதிரி ஒரு வளைவும் இருக்கும். மழை நாளில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்களே, அசல் அதே மாதிரி. சாய்ந்த எழுத்தில் அந்தச் சாக்கு இருக்காது. வெறும் தலையோடு, வீட்டுக்குள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி உருண்டையாக இருக்கும்.

தமிழுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடையில் இருந்த தமிழ் எழுத்துக்குச் சாய்ந்த ஜோடியை யாரும் வரைந்து வைக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் நிற்கிற எழுத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளும். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும். "இது சாஞ்சது இல்ல நானா, தள்ளிவிட்டது" என்று ஜீவராணி ஒவ்வொரு தடவையும் ரிஸ்வியிடம் புலம்புவாள்; ஊரில் எல்லாருக்குமே அவர் நானா, அதாவது அண்ணன். "யாருக்குப் புள்ள தெரியப்போகுது" என்பார் ரிஸ்வி. அவர் கணக்கில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

முன்பெல்லாம் அந்தச் சாய்ந்த எழுத்து கடையில் எல்லா வேலைக்கும் ஓடியது. பள்ளிக்கூடப் பரிசளிப்புச் சான்றிதழில் பிள்ளைகளின் பெயருக்கு அதுதான். தேயிலைப் பாக்கெட்டில் தோட்டத்துப் பெயருக்கும், நுவரெலியா ஹோட்டல்காரர்களின் சாப்பாட்டு அட்டைக்கும் அதுதான். கல்யாணக் கார்டு பழக்கம் ஊரில் பரவிய பிறகு வந்தது வினை. ஒரு ஹோட்டல் அட்டையைப் பார்த்த தோட்டத்துக் கிளார்க் ஒருவர், "ஏன் நானா, இந்தக் கோழி சூப்பும் காலமாயிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதோடு ஹோட்டல்காரர்கள் வேறு எழுத்துக்கு ஓடிவிட்டார்கள். சாய்ந்த எழுத்து இறந்தவர்களுக்கென்றே ஆகிப்போனது.

ஜீவராணியின் புருஷன் சோலைமலை அவள் பிறந்த அதே தோட்டத்தில் மலை வேலை பார்த்தவன். நல்ல உயரம். சிரித்தால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். சனிக்கிழமைகளில் டவுனுக்குச் சாமான் வாங்க வருவான். வாங்கிய பையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அவள் வேலை முடியும்வரை கடை ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்ப்பான். ஒரு சனிக்கிழமை திடீரென்று ஆசைப்பட்டான்.

"ஜீவா, என் பேர அந்தச் சாஞ்ச எழுத்துல அடிச்சுக் காட்டு."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "வாயக் கழுவுங்க மொதல்ல. அது யாருக்குப் போடுற எழுத்துன்னு தெரியாதா?"

"தெரியும் புள்ள. அழகா இருக்குன்னுதான் கேட்டேன். இருக்குற அழகான எழுத்த எல்லாம் செத்தவனுக்குக் குடுத்துட்டா உசுரோட இருக்கவன் என்னத்தப் போட்டுக்குவான்?"

ரிஸ்வி விழுந்து விழுந்து சிரித்தார். ஜீவராணி நேர் எழுத்தில் அடித்துக் காட்டினாள். இங்கிலீஷில் அவன் பெயரில் சின்ன 'ஏ' மூன்று வரும். மூன்றும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றன. "பாருங்க, நீங்களே மூணு தடவை பெரட்டுக்கு நிக்கிறீங்க" என்றாள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்பதைத்தான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தத் தாளை அச்சடித்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு வருஷம் மழை விடவே இல்லை. பாதை பல இடத்தில் அடைபட்டு, ஜீவராணி ஹட்டனிலேயே மாட்டிக்கொண்டாள். லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான் அடைத்துத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்தது. மத்தியானச் சோறு சாப்பிட்ட கையோடு சோலைமலை சாக்கை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான், மம்மட்டியைத் தூக்கினான். "கான வெட்டிவிட்டுட்டு வந்துர்றேன். தேத்தண்ணி ஊத்தி வை" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனான். தனுஷிகா அடுப்பில் கேத்தலை வைத்தாள். தண்ணீர் கொதித்தது. தேத்தண்ணி ஊற்றினாள். அப்போதுதான் பின்னாலிருந்த மலை இறங்கியது.

லயத்தின் கடைசி வீடுகளை மண் கொண்டுபோனது, தனுஷிகா நின்ற வீட்டை விட்டுவிட்டது. ராணுவத்தினரும் தோட்டத்து ஆட்களும் நாள்கணக்காகத் தோண்டினார்கள். மற்றவர்கள் கிடைத்தார்கள். சோலைமலையின் மம்மட்டி கிடைத்தது, சோலைமலை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கெல்லாம் ரிஸ்வி கடையில்தான் நினைவு அட்டை அடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அவள் தூக்கி வளர்த்த ஒரு பிள்ளை. ஒவ்வொரு பெயரையும் ஜீவராணிதான் சாய்த்தாள். அவள் புருஷன் பெயரை யாரும் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

உடம்பு இல்லாமல் காரியம் எப்படிச் செய்வது என்று கேள்வி வந்தது. தர்ப்பையில் ஒரு உருவம் செய்து எரித்துவிடலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார் கோயில் ஐயர். "புல்லக் கொளுத்திட்டு அவரக் கொளுத்தினேன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று கத்திவிட்டாள் ஜீவராணி. ஐயர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மரணத்தைப் பதிந்துவிடும்படி கிராம சேவகரும் சொல்லிப் பார்த்தார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொட்டு அப்படியே இருந்தது, தாலி அப்படியே இருந்தது, புதிதாகக் குடியேற்றிய வீட்டுச் சுவரில் அவன் படத்துக்கு மாலை ஏறவில்லை. ஊர் இதைச் சும்மா விடுமா? "கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றார்கள் சிலர். இன்னும் மோசமாகப் பேசியவர்களும் உண்டு, அதை எழுதிக் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டாம்.

அவளுக்குக் கிறுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் செத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மழை பிடிக்கும்போதெல்லாம் அவன் சாக்கைப் போட்டுக்கொண்டு எங்கோ கானுக்குள் நிற்கிறான் என்ற எண்ணம் வந்துவிடும். அதை விரட்ட அவளால் முடியவில்லை. ஹட்டனில் மழை பிடிக்காத நாள் எது? ஒரு தடவை ரிஸ்வியிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: "செத்துட்டாருன்னு தெரியும் நானா. ஆனா எந்த எடத்துல உக்காந்து அழுவேன்?" ரிஸ்வி எழுந்து போய்க் கடையின் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வந்தார்.

தனுஷிகாவுக்கு வட்டவளையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் அப்பா அழகுமுத்து மனைவியை இழந்தவர், நிதானமான மனுஷன். கார்டு விஷயம் பேச அவரே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, குடையைச் சுருட்டி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. சம்பந்தி பேர எப்படிப் போடப் போறீங்க?"

ஜீவராணி விசைப்பலகையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"என் வீட்டுக்காரி லெட்சுமி பேரு சாஞ்சுதான் வரப்போகுது. எதிர்ல அவரு பேரு நேரா நின்னா ஜனங்க மேடையில ஆளத் தேடுவாங்க. எங்க காணோம்னு புள்ளகிட்டயே கேப்பாங்க. கல்யாணத்தன்னிக்குத் தனுஷிகா அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிக்கணுமா?" என்றார். "உங்க இஷ்டம்தான். நீங்க எப்படிப் போட்டாலும் நான் வாங்கிக்குவேன்."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நேர் எழுத்திலேயே அடித்திருப்பாள். மனுஷன் தன்மையாகப் பேசிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னாள். தனுஷிகா தனக்கென்று ஒன்றும் கேட்டறியாத பெண். அன்றைக்குக் கேட்டாள்.

"அப்பா பேர சாச்சிருங்கம்மா."

"நீயுமா?"

"நான்தானம்மா கடைசியா பாத்தேன். நான்தான் தேத்தண்ணி ஊத்தி வச்சேன். ஆறிப்போச்சு. நீங்க அவர நிக்கவே வச்சிருக்கீங்க, நானும் அந்தக் கிளாஸ கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன்." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அப்பாவுக்காக ஒருக்கா அழணும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி அழணும்."

இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் கடையில் வேறு ஆள் இல்லை. வெளியே தூறல். ஜீவராணி கார்டைத் திறந்தாள்.

"நான் அடிக்கட்டா புள்ள?" என்றார் ரிஸ்வி. அவருக்கு ஒற்றை விரலில்தான் அடிக்க வரும்.

"வேணாம் நானா. ஊருக்கெல்லாம் அடிச்ச கைதானே."

தமிழ்ப் பக்கத்தை முதலில் முடித்தாள். சோலைமலை என்று அடித்துப் பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் ஒரு தள்ளு தள்ளியது. அதில் அவளுக்குப் பெரிய வலி வரவில்லை, தள்ளிவிட்டதுதானே என்று இருந்தது. இங்கிலீஷ் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. லெட்சுமியின் பெயரைச் சாய்ந்த எழுத்தில் அடித்தாள். எதிரே அவன் பெயரை நேராக அடித்தாள். அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தூறல் மழையானது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷம் எந்தத் தமிழ் எழுத்துக்காகப் புலம்பினாளோ, அதே வேலையை இங்கேயும் செய்தால் என்ன? அசல் சாய்ந்த எழுத்தை எடுக்க வேண்டாம். நேர் எழுத்தை அப்படியே பிடித்துச் சரித்துவிடலாம். ஊர் கண்ணுக்குச் சாய்ந்திருக்கும், சம்பந்திக்கும் சரி, மகளுக்கும் சரி. சோலைமலை அந்தக் கூட்டத்தில் சேரவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும். பெயரின் மேல்மூலையைப் பிடித்து இழுத்தாள். பெயர் சரிந்தது. ஒரு தாள் அச்சடித்தாள்.

ரிஸ்வி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லா இருக்கு புள்ள. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு." யாருக்கும் எதுவும் தெரியாது என்ற அவருடைய பேச்சு அன்றைக்குப் பலித்தது.

ஜீவராணி தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். லெட்சுமி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்த பொம்பளை மாதிரி. சோலைமலை சாயவில்லை. சரிந்துகொண்டிருந்தான். மூன்று 'ஏ'யும் தலையில் அந்தச் சாக்கோடு, காலில் அந்த மிதியடியோடு, பின்னாலிருந்து எதுவோ வந்து தள்ளியதில் முன்பக்கமாக விழப்போகிற நேரத்தில் அப்படியே நின்றன. விழவும் இல்லை, எழவும் இல்லை.

அவள் பார்க்காத காட்சி அது. அந்த மத்தியானத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. இப்போது அவளே அதைத் தன் கையால் செய்து வைத்திருக்கிறாள், இதையே எத்தனையோ கார்டு அடித்து ஊரெல்லாம் கொடுக்கப்போகிறாள். "ஐயோ, இப்படியா நின்னாரு" என்று அவளையறியாமல் வாயில் வந்தது. ரிஸ்வி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் முழித்தார்.

அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். சரித்த பெயரை அழித்தாள். அசல் சாய்ந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவன் வாய்விட்டுக் கேட்டு அவள் அடித்துக் கொடுக்காத எழுத்து. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். முதல் 'ஏ' வந்தது, தலையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்றும் சாக்கைக் கழற்றி எங்கோ மாட்டிவிட்டு, பக்கத்து எழுத்துகளோடு நெருங்கி, அடுப்புக்கு முன்னால் குந்தின மாதிரி உட்கார்ந்திருந்தன. அவன் சொன்னது சரிதான். அழகாகத்தான் இருந்தது.

ஜீவராணி திரையில் கையை வைத்தாள்.

"போதுங்க, மழையில நின்னது. உள்ள வாங்க" என்றாள்.

பிறகு அழுதாள். இத்தனை காலம் இடம் கிடைக்காமல் வைத்திருந்த அழுகை முழுவதையும், அந்த நாற்காலியில், அந்தப் பெயருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். ரிஸ்வி எழுந்து போய்க் கடைக் கதவை முழுசாகச் சாத்தினார்.

சாயந்தரம் கடைக்கு வந்த தனுஷிகா தாளை வாங்கிப் பார்த்தாள். அம்மாவின் வீங்கிய கண்ணையும் பார்த்தாள். பஸ் ஸ்டாண்ட் பூக்கடையில் இரண்டு பேரும் ஒரு மாலை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனதும் தனுஷிகா அடுப்பில் கேத்தலை வைத்துத் தேத்தண்ணி ஊற்றி, ஒரு கிளாஸைச் சூடு ஆறுமுன் அப்பாவின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.